ஏடு ஒன்று, தோற்றம் பல

கணினிக்கு ஆணை எழுதும் கலையிலே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் போற்றப்பட்டு வரும் கோட்பாடு ஒன்றினைக் குறித்து இன்று உங்களோடு உரையாட விழைகின்றேன். மொடல், வியூ, கொன்ட்ரோலர் என்னும் மூன்று சொற்களால் அதனை வழங்குவர். மாதிரியுரு, காட்சி, கட்டுப்படுத்தி என நாம் தமிழிலே கூறிக்கொள்ளலாம். இதனைப் பேச வந்துள்ள யான் பொறியியல் கற்றவன் அல்லன். கலைப்பிரிவிலே பட்டம் பெற்றுக் கல்குடாப் பகுதியில் அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபராகக் கடமை புரிபவன். எனினும், ஏட்டினைப் பிழையறக் காத்தல், அதிலுள்ளதை உரியவர்க்கு உரிய வடிவிற் காட்டுதல், ஏட்டிலே மாற்றம் வேண்டி வருவோரை முறைப்படி எதிர்கொள்ளுதல் ஆகிய மூன்றும் அதிபர் ஒருவரின் அன்றாட வேலைகள். இக்கோட்பாடும் அம்மூன்று வேலைகளைப் பற்றியதே என்பதனால் இதனைப் பேசத் துணிந்தேன்.

முதலில் ஓர் எடுத்துக்காட்டு. தவணைப் பரீட்சை முடிந்துவிட்டது. கணிதத்தில் ஒரு மாணவி பெற்ற புள்ளி 76. வகுப்பாசிரியர் அதனைப் புள்ளிப் பதிவேட்டில் எழுதுகிறார். அங்கிருந்து பெற்றோருக்குச் செல்லும் தேர்ச்சி அறிக்கையில் ஒரு பிரதி எழுதப்படுகிறது. காரியாலயச் சுவரிலே தொங்கும் வரைபடத்தில் அப்புள்ளி வகுப்புச் சராசரியாய் இடம்பெறுகிறது. வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பும் பொழிப்பிலும் அது கலக்கின்றது. ஆக, உண்மை ஒன்று. அது எழுதப்பட்ட இடங்கள் நான்கு.

இனி, விடைத்தாளை மீண்டும் நோக்கியபோது புள்ளி 79 எனக் காணப்பட்டதாகக் கொள்ளுங்கள். நான்கு இடங்களிலும் திருத்தவேண்டும். மூன்றிலே திருத்தி ஒன்றை மறந்துவிட்டால் என்னாகும்? தந்தையின் கையிலுள்ள அறிக்கை ஒன்று கூறும். பதிவேடு மற்றொன்று கூறும். எது மெய் என்பதனை அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலும் அறிய இயலாது. இரண்டும் ஒரே மையினால் எழுதப்பட்டவை அன்றோ? பிரதி பெருகப் பெருக முரண்பாடும் பெருகும். இது தாள் உலகத்தின் துன்பம் மாத்திரம் அன்று. கணினி உலகத்திலும் இதே துன்பம் நேர்ந்தது.

அதனை விளங்கிக்கொள்வதற்குப் பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் என்பது யாது என முதலில் அறிதல் வேண்டும். பழைய முறையிலே தரவுகள் ஒரு புறமும், அவற்றின்மேற் செய்யும் வேலைகள் மறுபுறமுமாகக் கிடந்தன. எந்த வேலையும் எந்தத் தரவையும் தொட்டு மாற்றலாம். புதிய முறையிலோ தரவும் அதற்குரிய செயல்களும் ஒன்றாகக் கட்டப்பட்டு ஒரு ‘பொருள்’ ஆகின்றன. அதனுள்ளே இருப்பதைப் பிறர் நேரே தொடல் ஆகாது. ‘இதனைச் செய்க’ என்று கேட்கலாம். செய்வதோ மறுப்பதோ அப்பொருளின் உரிமை. இவ்வெண்ணத்திற்கு வித்திட்டவர்கள் நோர்வே நாட்டினர். ஒலே யோஹான் டால், கிறிஸ்தன் நைகார்ட் என்னும் இருவர் 1960களிலே ஒஸ்லோ நகரில் சிமுலா என்னும் கணினி மொழியை ஆக்கினர். அவ்வித்து 1970களில் அமெரிக்காவிலே கலிபோர்ணியா மாநிலத்துப் பாலோ அல்டோ நகரில், செரொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்திலே ஸ்மோல்டோக் என்னும் மொழியாகத் தழைத்தது. அலன் கே, அடெல் கோல்ட்பேர்க், டான் இங்கல்ஸ் முதலியோர் அதனை வளர்த்தனர். கணினி வல்லுநருக்கு மட்டும் உரியதாய் இராது சிறுவருங்கூட எடுத்தாளும் கருவியாதல் வேண்டும் என்பதே அவர்களது நோக்கமாய் இருந்தது.

அந்நிலையத்திற்கு 1978ஆம் ஆண்டில் நோர்வேயிலிருந்து விருந்தினராய் ஓர் ஆய்வாளர் வந்தார். அவர் பெயர் திரிக்வே ரேன்ஸ்கௌக். கப்பல் கட்டும் தொழிலுக்கான கணினி வேலைகளிலே நீண்ட காலம் ஈடுபட்டிருந்தவர் அவர். நமது கரையிலே வள்ளம் கட்டுவோனுக்கு அதன் திட்டம் முழுவதும் தன் நெஞ்சிலேயே இருக்கும். ஆயிரக்கணக்கான வேலைகளைக் கொண்ட பெருங்கப்பலுக்கோ அது பொருந்தாது. எந்த வேலை முன், எந்த வேலை பின், எதற்கு எத்தனை நாள், எத்தனை ஆள் என்னும் கணக்கு ஒருவர் நெஞ்சில் அடங்குவதன்று. முகாமையாளர் அதனை ஒரு வகையாகவும், வேலைத்தல மேற்பார்வையாளர் இன்னொரு வகையாகவும் பார்க்கவேண்டியவர்கள். திட்டம் ஒன்றே, பார்வை பல.

ரேன்ஸ்கௌக் 1979ஆம் ஆண்டு மே மாதத்தில் தமது எண்ணத்தை ஒரு குறிப்பாக எழுதினார். பெரிய பாலம், மின் நிலையம், கடலிலே எண்ணெய் எடுக்கும் மேடை போன்ற பெருவேலைகளை அதில் எடுத்துக்காட்டினார். பின்னர் அவ்வெண்ணத்தைச் செப்பனிட்டு, அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் நாளிட்ட குறிப்பில் மொடல், வியூ, கொன்ட்ரோலர் என்னும் பெயர்களை நிலைநாட்டினார். மனிதன் தன் உள்ளத்திலே ஒரு பொருளைப் பற்றிக் கொண்டிருக்கும் உருவத்திற்கும், கணினிக்குள்ளே கிடக்கும் உருவத்திற்கும் இடையிலுள்ள பள்ளத்தைத் தூர்ப்பதே இதன் நோக்கம் என அவர் பிற்காலத்தில் விளக்கினார்.

இனி அம்மூன்றின் கடமைகளையும் நமது பாடசாலை எடுத்துக்காட்டிலேயே வைத்துப் பார்ப்போம்.

மாதிரியுரு என்பது புள்ளிப் பதிவேடு. உண்மை அங்கே மாத்திரமே உறைகின்றது. அதனுடன் விதிகளும் உறைகின்றன. புள்ளி 100க்கு மேற்படலாகாது, பாடசாலையில் இல்லாத மாணவருக்குப் புள்ளி இடலாகாது என்பன போன்ற விதிகள் ஏட்டுக்குரியவை. யார் வந்து 107 என எழுதச் சொன்னாலும் அந்த ஏடு மறுத்துவிடும். அதே வேளையில், தன்னை எவர் எந்த வடிவிற் பார்க்கின்றார் என்பதைப் பற்றி ஏட்டுக்குக் கவலையில்லை. வரைபடம் என ஒன்று உலகில் உண்டென்பதையும் அது அறியாது.

காட்சி என்பது தேர்ச்சி அறிக்கையும் சுவர் வரைபடமும் போன்றது. அது மாதிரியுருவிடம் கேட்டுக் கேட்டுத் தன்னை வரைந்துகொள்ளும். ரேன்ஸ்கௌக் காட்சியை ஒரு வடிகட்டி எனக் கருதினார். அது சிலவற்றை எடுத்துக் காட்டும், சிலவற்றை மறைக்கும். தந்தைக்குத் தம் மகளின் புள்ளிகள் போதும். வகுப்பிலுள்ள ஏனைய பிள்ளைகளின் புள்ளிகள் அவருக்கு வேண்டா. வலயப் பணிமனைக்குச் சராசரி போதும்.

கட்டுப்படுத்தி என்பது காரியாலய யன்னலிலே அமர்ந்திருக்கும் எழுதுவினைஞரைப் போன்றது. வருவோர் என்ன வேண்டுகின்றார் என்பதை விளங்கி, அதனை ஏட்டுக்கு ஏற்ற மொழியிலே மாற்றி உரிய இடத்திற்கு அனுப்புவது அதன் வேலை. கணினியிலே விசைப்பலகையைத் தட்டுவதும் சுட்டியை அழுத்துவதும் முதலில் வந்து சேரும் இடம் கட்டுப்படுத்தியே. அது தானாக உண்மையை ஆக்குவதுமில்லை. தானாகப் படம் வரைவதுமில்லை.

இங்கே கூர்மையான ஐயம் ஒன்று எழலாம். ஏடு காட்சிகளை அறியாது என்றோம். அங்ஙனமாயின், ஏட்டிலே 76 என்பது 79 ஆனபோது சுவரிலுள்ள வரைபடம் அதனை எவ்வாறு அறியும்? இதற்கு ஸ்மோல்டோக் கண்ட விடை அழகானது. ஒவ்வொரு காட்சியும் முதலிலேயே வந்து ‘உன்னில் மாற்றம் நேர்ந்தால் எனக்கும் கேட்கட்டும்’ எனத் தன் பெயரைப் பதிந்துகொள்ளும். மாதிரியுரு மாறும்பொழுது ‘மாறினேன்’ என்னும் ஒரு சொல்லை மட்டும் பொதுவாக ஒலிக்கும். அதனைக் கேட்ட காட்சிகள் தத்தமக்கு வேண்டியதை மீண்டும் கேட்டறிந்து தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். பாடசாலை மணி இதற்கு நல்ல உவமை. மணி எந்தப் பிள்ளையையும் பெயர்சொல்லி அழைப்பதில்லை. அது ஒலிக்கின்றது, கேட்டவர்கள் தத்தம் வகுப்பை நோக்கி நடக்கின்றனர். புதிதாய் ஒரு வகுப்பறை கட்டினால் மணியை மாற்ற வேண்டியதில்லை. அவ்வாறே, நாளை நான்காவதாக ஒரு காட்சி வேண்டுமாயின் ஏட்டில் ஓரெழுத்தையும் தொடாது அதனைச் சேர்த்துவிடலாம்.

பிரித்து வைத்தலின் பயனை இன்னொரு வகையாலும் உணரலாம். ஒரு மென்பொருளிலே எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. திரையின் தோற்றம் அடிக்கடி மாறும். நேற்று மேசைக் கணினி, இன்று கைப்பேசி. புள்ளி 100க்கு மேற்படலாகாது என்னும் விதியோ ஆண்டுகள் பல கடந்தும் மாறாது. விரைந்து மாறுவதையும் மெல்ல மாறுவதையும் ஒன்றாய்ப் பிணைத்துவிட்டால், நிறத்தை மாற்றப் புகுந்தவர் கணக்கைக் கெடுத்துவிடும் ஆபத்து உண்டு. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது தூணை அசைக்கலாமா?

இத்தகைய தீர்வுகள், வேறு வேறு இடங்களிலே திரும்பத் திரும்பப் பயன்படுவதனால், வடிவமைப்புக் கோலங்கள் எனப் பெயர் பெற்றன. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாந்தர் வீடுகளையும் நகரங்களையும் பற்றி 1977இல் வெளியிட்ட எண்ணங்களே கணினித் துறையினருக்கு இவ்வகையில் வழிகாட்டின. 1994இல் காமா, ஹெல்ம், ஜோன்சன், விலிசிடஸ் என்னும் நால்வர் இக்கோலங்களைத் தொகுத்து நூலாக்கியபோது, முதல் அதிகாரத்திலேயே மொடல், வியூ, கொன்ட்ரோலர் அமைப்பை எடுத்து ஆராய்ந்தனர்.

நேயர்களே, இதுவரை கூறியது பாடசாலைப் புள்ளியைப் பற்றியது. புள்ளி பிழைத்தால் திருத்திவிடலாம். திருத்த முடியாத இழப்புகளின் நடுவே ஏடுகள் முரண்பட்டால் என்னாகும்? அதனை நமது கரை அறியும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையிலே ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையின்மீது பாய்ந்தது. கல்குடா, பாசிக்குடாக் கரைகளும் அதற்குத் தப்பவில்லை. இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கரையோர மாவட்டங்களிலே பாடசாலைகளும் வழிபாட்டுத் தலங்களும் முகாம்களாயின. அப்பொழுது மக்களுக்குச் சோறும் துணியும் எவ்வளவு தேவைப்பட்டனவோ அவ்வளவுக்குத் தேவைப்பட்டது செய்தி. மகளைத் தேடும் தந்தைக்கு ஒரு பெயர் வேண்டும். முகாம் பொறுப்பாளருக்குப் பால்மா வேண்டிய குழந்தைகளின் தொகை வேண்டும். அரசாங்க அதிபருக்கு மாவட்டத்தின் மொத்தக் கணக்கு வேண்டும். மூவரும் கேட்பது வேறு வேறு போலத் தோன்றினும் அவற்றுக்கு அடியிலிருப்பது ஒரே உண்மைதான்: இன்னார் உயிரோடிருக்கின்றார், இன்ன இடத்தில் இருக்கின்றார் என்பதே அது. அவ்வுண்மை மூன்று கொப்பிகளில் மூன்று விதமாகக் கிடக்குமாயின், பட்டியலுக்கும் பட்டியலுக்கும் இடையிலே மனிதர் தொலைந்துபோவர்.

அந்நாட்களிலே நம் நாட்டின் கணினித் துறையைச் சேர்ந்த தொண்டர்கள் கூடி ஒரு மென்பொருளை எழுதினர். அதற்குச் சஹனா எனப் பெயரிட்டனர். நிவாரணம் என்னும் பொருளுடைய சிங்களச் சொல் அது. லங்கா சொப்ட்வெயர் பவுண்டேசன் என்னும் அமைப்பு அம்முயற்சிக்குத் துணைநின்றது. காணாமற்போனோரைத் தேடுதல், முகாம்களைப் பதிதல், உதவ வந்த நிறுவனங்களைப் பதிதல், எங்கே எது தேவை என்பதை அறிதல் ஆகியன அதன் வேலைகள். எவரும் விலையின்றிப் பெறவும், திருத்தவும், பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளாகவே அது வெளிவந்தது. அதனால் 2005இல் பாகிஸ்தானிய நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் நாட்டு மண்சரிவின்போதும் பிறருக்கு உதவியது. அமெரிக்காவிலுள்ள கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயன் விளைக்கும் ஆக்கங்களுக்கான தனது 2006ஆம் ஆண்டு விருதினைச் சஹனாவுக்கு வழங்கியது. நமது துயரத்திலே பிறந்த கருவி பிறர் துயர் துடைத்தது என்பதை நாம் பெருமிதத்தோடு நினைவுகூரலாம்.

முதலிற் சஹனா பிஎச்பி என்னும் மொழியிலே எழுதப்பட்டது. பின்னர்ப் பைதன் மொழியிலே புதிதாய் எழுதப்பெற்ற வடிவம் சஹனா ஈடன் எனப்படும். க.பொ.த. உயர்தரத்திலே தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் பயிலும் நம் மாணவர்கள் கற்பதும் இதே பைதன் மொழியைத்தான். சிக்காகோ நகரின் டிபோல் பல்கலைக்கழகத்து மாசிமோ டி பியேரோ 2007இல் வெளியிட்ட வெப்டூபை என்னும் சட்டகத்தின்மேல் ஈடன் கட்டப்பட்டது. அச்சட்டகத்தில் எழுதும் மென்பொருளைத் திறந்து பார்த்தால், மொடல்களுக்கு ஒரு கோப்புறை, வியூக்களுக்கு ஒரு கோப்புறை, கொன்ட்ரோலர்களுக்கு ஒரு கோப்புறை என மூன்றும் வெவ்வேறாய் இருப்பதைக் காணலாம். 1979இல் எழுதிய குறிப்பொன்று பேரிடரிலே பயன்படும் கருவியின் எலும்புக்கூடாய் நிற்பதை அங்கே கண்ணாரக் காணலாம்.

மொழிபெயர்ப்புகளுக்கு அங்கே தனிக் கோப்புறை உண்டு. இதனை இலேசாக எண்ணிவிடலாகாது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் வாழும் நாடு இது. ஏடும் தோற்றமும் ஒன்றாய்ப் பிணைந்திருந்தால், தமிழ் வாசிப்போருக்கு ஓர் ஏடும் சிங்களம் வாசிப்போருக்கு வேறோர் ஏடும் எழுதநேரும். இரண்டும் நாளடைவில் வேறுபடும். பிரிந்திருந்தாலோ உண்மை ஓரிடத்தில் நிற்க, தலைப்புகளும் வினாக்களும் அறிவித்தல்களும் அவரவர் மொழியிலே தோன்றும். ஒரு குடும்பம் ஒரு முகாமிலிருந்து மறு முகாமுக்கு மாறினால் ஏட்டில் ஒரே ஒரு மாற்றம். அதன்பின் தந்தை பார்க்கும் திரையும், பொறுப்பாளர் பார்க்கும் திரையும், அரசாங்க அதிபர் பார்க்கும் திரையும் ஒன்றையே கூறும்.

ஆயினும் ஒரு நுணுக்கத்தைச் சொல்லாது விடுதல் முறையன்று. ஸ்மோல்டோக்கிலே ஏடும் காட்சியும் ஒரே கணினிக்குள் வாழ்ந்தன; ஆதலின் மணியோசை உடனே கேட்டது. இணையத்திலோ ஏடு தொலைவிலுள்ள சேவையகத்தில் இருக்கின்றது. திரை நம் கையில் இருக்கின்றது. நாம் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது அவ்வேண்டுகோள் முதலிற் கட்டுப்படுத்தியிடம் செல்லும். அது மாதிரியுருவிடமிருந்து வேண்டியதைப் பெற்றுக் காட்சியிடம் கொடுக்கும். காட்சி வரைந்த பக்கம் நமக்கு வந்துசேரும். அதன்பின் ஏடு மாறினாலும், நாம் மீண்டும் கேட்கும்வரை, பழைய பக்கமே நம் முன் இருக்கும். அதனை உடனுக்குடன் புதுப்பிக்க வேண்டுமாயின் அதற்கெனத் தனி ஏற்பாடு செய்தல் வேண்டும். பெயர் ஒன்றாயினும் இணையத்து முறைக்கும் பழைய முறைக்கும் இவ்வேறுபாடு உண்டென்பதைக் கற்போர் மனங்கொள்வாராக.

இக்கோட்பாட்டுக்குக் குறைகளும் உண்டு. பத்து வரியில் முடியும் வேலைக்கு மூன்று பிரிவுகள் வகுத்தல், ஒரு மூட்டை அரிசிக்கு மூன்று களஞ்சியம் கட்டுவது போலாகும். மேலும், அவசரத்தில் எழுதுவோர் எல்லா விதிகளையும் கட்டுப்படுத்தியிலேயே திணித்துவிடுவதுண்டு. யன்னலில் இருக்கும் எழுதுவினைஞரே சட்டத்தையும் தம் நெஞ்சில் வைத்துக்கொண்டால், வேறு யன்னல் திறந்தவுடன் சட்டமும் வேறாகிவிடும். விதி ஏட்டருகே இருத்தல் வேண்டும் என முன்னர்க் கூறியது இதன்பொருட்டே.

இவற்றிலும் பெரிய எச்சரிக்கை இரண்டு. ஒன்று, ஏடு ஒன்றாயிருத்தல் அது மெய்யாயிருத்தற்கு உறுதியாகாது. பிழையான பெயரைப் பதிந்தால், அப்பிழை எல்லாக் காட்சிகளிலும் ஒருமித்துத் தோன்றும். ஒருமித்துத் தோன்றுவதனாலேயே மெய்போல் மயக்கும். ஆதலின், ஓர் ஏட்டையே நம்புவோர் அவ்வேட்டில் எழுதும் கையை முன்னிலும் கவனமாய்த் தெரிதல் வேண்டும். மற்றொன்று, காட்சி மறைக்கவும் வல்லது. தாயை இழந்து தனித்த பிள்ளையின் இருப்பிடத்தை ஊரார் அனைவருக்கும் காட்டாது மறைத்தல் அறம். முகாமிலுள்ளோர் தொகையைக் காட்டி, அவர்களிற் பட்டினி கிடந்தோர் தொகையை மறைத்தல் அறமாகாது. ஏடு இரண்டையும் அறிந்திருக்கும். எதைக் காட்டுவது என்பதைத் தீர்மானிப்பவர் மனிதர். கோலம் அத்தீர்மானத்தைச் செய்யாது. தீர்மானம் நிகழும் இடம் இதுவெனச் சுட்டிக்காட்டும். பொறுப்பு எங்கே உள்ளதென அறிவதும் ஒரு பெரும் பயனே.

எனவே, கணினி பயிலும் மாணவர்க்கு ஒன்று கூறுவேன். நிரல் எழுதத் தொடங்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். உண்மை எங்கே உறைகின்றது? அதனை யார் யாருக்கு எவ்வடிவிற் காட்டவேண்டும்? மாற்ற வருவோர் எவ்வழியாக வரவேண்டும்? இம்மூன்றுக்கும் மூன்று தனி விடைகள் கிடைக்குமாயின் உங்கள் மென்பொருள் நீண்ட நாள் வாழும். கணினியைத் தொடாதோரும் தத்தம் காரியாலயத்திலும், கூட்டுறவுச் சங்கத்திலும், கோயில் நிருவாகத்திலும், பள்ளிவாசல் நிருவாகத்திலும் இவ்வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம். கணக்கு எங்கே, காட்டுவது எது, மாற்றுவது யார் என்னும் மூன்றும் கலந்துவிட்ட இடத்திலே குழப்பம் குடியேறும். பிரிந்து நின்று ஒன்றுக்கொன்று துணைசெய்யும் இடத்திலே நம்பிக்கை வளரும்.